ஒரு லிட்டர் பாமாயில்... அதற்குள் எவ்வளவு காடு?

ரேஷன் கடையில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட். விலை 25 ரூபாய். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்போடு சேர்ந்து தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்த இந்த எண்ணெய், பல குடும்பங்களின் மாத பட்ஜெட்டைத் தாங்கிப் பிடிக்கிறது.

‘எங்கள் வீட்டில் பாமாயில் தொடுவதே இல்லை’ என்பவர்களும் அதிலிருந்து முழுமையாகத் தப்பிவிட முடியாது. டீக்கடை பஜ்ஜி, பேக்கரி பஃப்ஸ், பாக்கெட் சிப்ஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட், குளியல் சோப், ஷாம்பு என்று பாமாயில் இல்லாத பலசரக்குப் பையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கையிலிருக்கும் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘பாமோலின்’, ‘பாம் ஆயில்’ என்ற பெயர்களில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். சோப்பில் இது ‘சோடியம் பாமேட்’ என்ற பெயரில் இருக்கும்.

உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் முதலிடம் பாமாயிலுக்கு. அண்மை ஆண்டுகளில் இது ஆண்டுக்கு 75 லட்சம் டன்னிலிருந்து 100 லட்சம் டன் வரை இருந்திருக்கிறது. பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது.

அந்த எண்ணெய் விளைந்த நிலம் இருபது வருடங்களுக்கு முன்பு என்னவாக இருந்தது? காடா, ரப்பர் தோட்டமா, சும்மா கிடந்த புல்வெளியா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே ஒரு முத்திரை உலகச் சந்தையில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

தென்னமரம் எஸ்டேட்டில் தொடங்கிய கதை

எண்ணெய்ப் பனையின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ல் நான்கே நான்கு கன்றுகள் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. ஆரம்பத்தில் அழகு மரமாகத்தான் வளர்த்தார்கள்.

மலேசியாவில் முதன்முதலாக வியாபாரத்துக்காக எண்ணெய்ப் பனை நடப்பட்டது 1917-ல், சிலாங்கூர் மாநிலத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு நாவலாசிரியராகி, 1930-ல் பிரான்ஸின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசை வென்றவர். அவர் எண்ணெய்ப் பனை நட்ட எஸ்டேட்டின் பெயர் ‘தென்னமரம்’. ஆமாம், நம் தென்னமரம்தான். தோட்டத்தின் பெயர்ப் பலகையிலேயே தமிழ் இருந்த அளவுக்கு அந்த எஸ்டேட்டுகள் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் நின்றன.

1960-களுக்குப் பிறகு ரப்பர் விலை தள்ளாட, மலேசிய எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக எண்ணெய்ப் பனைக்கு மாறின. பால் மரம் சீவிய கைகள், நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் பழக்குலை வெட்டப் பழகின. மலேசியத் தமிழர்கள் இதற்கு வைத்த பெயர் ‘செம்பனை’. பழம் செக்கச் செவேலென்று இருக்கும் என்பதால் பொருத்தமான பெயர்தான்.

ரப்பர் தோட்டம் செம்பனையாக மாறியது ஒரு கட்டம். காடே செம்பனையாக மாறியது அடுத்த கட்டம். சுமத்ரா தீவிலும் போர்னியோ தீவிலும் பல லட்சம் ஹெக்டேர் மழைக்காடு இப்படித்தான் போனது. எல்லாக் காட்டழிப்புக்கும் பாமாயில்தான் காரணம் என்று சொல்ல முடியாது. மரம் வெட்டும் தொழில், காகிதக்கூழ்த் தோட்டங்கள், சுரங்கங்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால், பாமாயிலின் பங்கு பெரியது.

தீப்பிடிக்கும் தரை

அங்கே உள்ள காடுகளில் ஒரு வகை, பீட் நிலக் காடு. விழுந்த இலையும் மரமும் தண்ணீரில் ஊறி, முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான வருடங்களாக அடுக்கடுக்காகச் சேர்ந்த கறுப்பு மண் அது. தோண்டினால் பல மீட்டர் ஆழம் வரை அதே மண் இருக்கும் இடங்களும் உண்டு. தண்ணீர் நிற்கும் வரை அதற்கு ஆபத்தில்லை.

எண்ணெய்ப் பனையின் வேர் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. எனவே, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கிறார்கள். காய்ந்த பீட் மண் அடுப்புக் கரி மாதிரி. ஒருமுறை தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே ஊற்றும் தண்ணீருக்கு அடங்காது.

2015-ல் இதன் உச்சத்தை உலகம் பார்த்தது. இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்ததாக உலக வங்கி கணக்கிட்டது. நஷ்டம் 1,600 கோடி டாலர். புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள்.

அந்தக் காடுகளில் வாழ்ந்த ஒராங்குட்டான் குரங்குகளின் நிலைமை இன்னும் மோசம். மலாய் மொழியில் ‘ஒராங்’ என்றால் மனிதன், ‘ஹுத்தான்’ என்றால் காடு. இந்தக் காட்டு மனிதர்கள் போர்னியோவில் மட்டும் 1999-க்கும் 2015-க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. காட்டழிப்போடு வேட்டையும் இதற்குக் காரணம். 2016-ல் போர்னியோ ஒராங்குட்டான், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது.

முத்திரை பிறந்தது

ஐரோப்பாவில் பாமாயிலுக்கு எதிர்ப்பு கிளம்பிய நேரத்தில், 2004-ல் ஓர் அமைப்பு உருவானது. பெயர் ஆர்.எஸ்.பி.ஓ. நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை என்று தமிழில் சொல்லலாம். தலைமைச் செயலகம் கோலாலம்பூரில். தோட்ட முதலாளிகள், எண்ணெய் ஆலைகள், சோப்பு-பிஸ்கட் கம்பெனிகள், சூப்பர் மார்க்கெட்டுகள், வங்கிகள், சுற்றுச்சூழல் அமைப்புகள், சமூக அமைப்புகள் என ஏழு தரப்பினர் அதில் உறுப்பினர்கள்.

இவர்கள் சேர்ந்து விதிமுறைகள் எழுதினார்கள். 2005 நவம்பருக்குப் பிறகு ஆதிக்காட்டையோ, பாதுகாக்க வேண்டிய முக்கியமான நிலத்தையோ அழித்து நட்ட தோட்டத்துக்கு முத்திரை எளிதில் கிடைக்காது. அங்கே வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் நிலத்தை எடுக்கக் கூடாது. தொழிலாளர்களுக்கு முறையான கூலி தர வேண்டும், குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. 2018-ல் விதிகள் இன்னும் இறுகின. பீட் நிலத்தில் புதிதாக நடவே கூடாது என்றானது.

விதி இருந்தால் போதுமா, யார் சோதிப்பது? வெளியிலிருந்து வரும் ஆடிட் நிறுவனங்கள் தோட்டத்தையும் ஆலையையும் சோதித்துச் சான்றிதழ் தரும். ஐந்து வருடம் செல்லும். ஆனால், வருடந்தோறும் சோதனை உண்டு.

ஆலையிலிருந்து சோதனையைத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டிய செம்பனைக் குலையை ஓரிரு நாளுக்குள் ஆலையில் வேகவைத்துப் பிழிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். அதனால் ஒவ்வோர் ஆலைக்கும் பழம், பக்கத்துத் தோட்டங்களிலிருந்துதான் வரும். எந்த ஆலை என்று தெரிந்துவிட்டால், எந்த வட்டாரத்து நிலம் என்பதைப் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அந்த வட்டாரத்தில் காடு குறைகிறதா என்பதை இன்று செயற்கைக்கோள் படமே காட்டிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆலையிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து ரீஃபைனரி என்று போகும் வழியில் எண்ணெய் ஒன்றோடொன்று கலக்கிறது.

பால் சொசைட்டிக் கணக்கு

இந்தக் கலப்பைச் சமாளிக்க நான்கு வழிகள் வைத்திருக்கிறார்கள். பால் சொசைட்டியை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். நாட்டு மாட்டுப் பால்தான் வேண்டும் என்று நீங்கள் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வழி: ஒரே ஒரு வீட்டின் நாட்டு மாட்டுப் பாலைத் தனிச் சொம்பில் கொண்டுவந்து தருவது. எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியும். விலை அதிகம்.

இரண்டாவது: ஊரில் உள்ள எல்லா நாட்டு மாட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றுவது. வேறு பால் சேராது.

மூன்றாவது: எல்லாப் பாலையும் ஒரே கேனில் ஊற்றிவிட்டு, எத்தனை லிட்டர் நாட்டு மாட்டுப் பால் உள்ளே வந்ததோ அத்தனை லிட்டரை மட்டும் அந்தப் பெயரில் விற்பது. உங்கள் டம்ளரில் இருப்பது எந்தப் பால் என்று தெரியாது. ஆனால், கணக்கு சரியாக இருக்கும்.

நான்காவது: நீங்கள் வாங்குவது சாதாரணப் பால். ஆனால், நாட்டு மாடு வளர்ப்பவருக்குத் தனியாக ஓர் ஊக்கத்தொகை கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆர்.எஸ்.பி.ஓ. முத்திரைக்குப் பின்னால் இந்த நான்கும் உண்டு. மூன்றாவது வகை எண்ணெய் வந்த பொருளில் ‘மிக்ஸ்டு’ என்ற சொல்லும் முத்திரையோடு இருக்கும். அது மோசடி இல்லை. ஆனால், பாக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு துளியும் காடழிக்காமல் வந்தது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளவும் கூடாது.

காடு காப்பாற்றப்பட்டதா?

இந்தோனேசியத் தோட்டங்களில் 2001 முதல் 2015 வரை என்ன நடந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். முடிவு 2018-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் காட்டழிப்பு, சான்றிதழ் இல்லாமல் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடிய அளவைவிட 33 சதவிகிதம் குறைவு.

நல்ல செய்திதான். அதே ஆய்வின் அடுத்த பகுதி சங்கடமானது. தீ வைப்பதையோ, பீட் நிலத்தை அழிப்பதையோ முத்திரை குறைத்ததாகத் தெரியவில்லை. முத்திரை வாங்கிய பெரும்பாலான தோட்டங்களில் காப்பாற்றுவதற்கு என்று அப்போது மிச்சமிருந்த காடே கொஞ்சம்தான். 2015 நிலவரப்படி, இந்தோனேசிய எண்ணெய்ப் பனைத் தோட்ட எல்லைகளுக்குள் எஞ்சியிருந்த மொத்தக் காட்டில் ஒரு சதவிகிதம்கூட முத்திரை பெற்ற தோட்டங்களில் இல்லை.

ஏற்கெனவே காட்டை வெட்டி முடித்த பழைய தோட்டங்கள் முத்திரைக்கு வரிசையில் முதலில் நின்றன. இன்னும் காடு வைத்திருந்த தோட்டங்கள் வரிசைக்கே வரவில்லை.

வேறு ஓட்டைகளும் இருக்கின்றன. ஆடிட் செய்பவருக்குப் பணம் தருவது ஆடிட் செய்யப்படும் நிறுவனமே. 2020-ல் மலேசியாவின் இரண்டு பெரிய பாமாயில் நிறுவனங்களின் எண்ணெயை, கட்டாய உழைப்பு நடக்கிறது என்ற புகாரில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. இரண்டுமே ஆர்.எஸ்.பி.ஓ. உறுப்பினர்கள். ஒரு காலத்தில் தமிழர்கள் பார்த்த வேலையை இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் பார்க்கிறார்கள். கங்காணியும் கடனும் பழைய எஸ்டேட் கதைகளில் வருவது போலவே, ஏஜென்டும் கடனும் இவர்கள் கதைகளில் வருகின்றன.

சிறு விவசாயிகளின் சிரமம் தனி. இந்தோனேசியாவில் எண்ணெய்ப் பனை நிலத்தில் சுமார் 40 சதவிகிதம் சிறு விவசாயிகள் கையில் இருக்கிறது. இரண்டு, மூன்று ஹெக்டேர் வைத்திருப்பவர் பத்திரம், வரைபடம், ஆடிட் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் எங்கே போவார்? 2019-ல் இவர்களுக்கென்று எளிமையான விதிமுறை வந்தது. குழுவாகச் சேர்ந்து சான்றிதழ் வாங்கலாம். ஆனாலும், வெளியே நிற்பவர்களே அதிகம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2016-க்குப் பிறகு சில வருடங்கள் இந்தோனேசியாவில் ஆதிக்காடு அழியும் வேகம் நன்றாகவே குறைந்தது. அரசு புதிய அனுமதிகளை நிறுத்திவைத்ததும், பெரிய கம்பெனிகள் ‘காடழித்த எண்ணெயை வாங்க மாட்டோம்’ என்று உறுதி கொடுத்ததும் அதற்குக் கைகொடுத்தன. அரசும் வாங்குபவரும் ஒன்றாக அழுத்தம் கொடுத்த இடத்தில் பலன் தெரிந்திருக்கிறது.

பாமாயிலையே ஒதுக்கிவிடலாமா?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை ஆண்டுக்குச் சராசரியாக மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் தரும். சோயா, சூரியகாந்தி போன்றவை ஒரு டன்னைத் தொடுவதே பெரிது. பாமாயிலுக்குப் பதில் அதே அளவு வேறு எண்ணெய் வேண்டுமென்றால், ஒன்பது மடங்கு வரை கூடுதல் நிலம் தேவைப்படலாம் என்கிறது 2018-ல் வெளியான சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அறிக்கை. அந்த நிலத்துக்காக பிரேசிலிலோ, அர்ஜென்டினாவிலோ வேறொரு காடு போகும்.

இலங்கை இதை அரசு மட்டத்திலேயே செய்து பார்த்தது. 2021 ஏப்ரலில் பாமாயில் இறக்குமதிக்கும் புதிய சாகுபடிக்கும் தடை போட்டது. இருக்கும் மரங்களையும் படிப்படியாகப் பிடுங்கச் சொன்னது. இறக்குமதித் தடையைப் பின்னர் தளர்த்த வேண்டியதாயிற்று.

இந்தியா எதிர்த்திசையில் போகிறது. 2021 ஆகஸ்ட்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனை இயக்கத்தை அறிவித்தது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் தனிக் கவனம். இறக்குமதியைக் குறைப்பது அவசியம்தான். ஆனால், எந்த நிலத்தில் நடுகிறோம் என்ற கேள்வி இங்கும் வருகிறது. மிசோரமில் தம்பா புலிகள் காப்பகம் அருகே சூழலியலாளர்கள் ஜெய்தேவ் மண்டல், டி.ஆர்.சங்கர் ராமன் இருவரும் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. மழைக்காடு, ஜூம் சாகுபடி நிலம், தேக்குத் தோட்டம், எண்ணெய்ப் பனைத் தோட்டம் ஆகியவற்றை ஒப்பிட்டதில், காட்டுப் பறவைகள் மிகக் குறைவாக இருந்தது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில். ‘காட்டை அழிக்கும் விவசாயம்’ என்று திட்டு வாங்கும் ஜூம் நிலத்தில்கூட அதைவிட அதிகம்.

வாங்குபவர் கேட்டால்தான்...

உலகப் பாமாயில் உற்பத்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இன்று ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் பெற்றது. அதில் கணிசமான பகுதியைச் சான்றிதழ் எண்ணெயாக வாங்க ஆள் இல்லாமல், சாதாரண எண்ணெயோடு சேர்த்தே விற்கிறார்கள். ஆடிட்டுக்கும் காவலுக்கும் செலவு செய்த தோட்டக்காரர், எதுவும் செய்யாத பக்கத்துத் தோட்டக்காரரின் விலைக்கே விற்கிறார். அடுத்த முறை அவர் ஏன் செலவு செய்யப்போகிறார்?

ஐரோப்பாவில் கேட்கிறார்கள், அதனால் அங்கே உணவுக்குப் போகும் பாமாயிலில் பெரும்பகுதி சான்றிதழோடு போகிறது. 2020-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயிலை விற்கக் கூடாது என்று 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே இயற்றியது. அமல்படுத்துவதுதான் தள்ளித் தள்ளிப் போகிறது. நல்ல எண்ணெய் ஐரோப்பாவுக்கும், கேள்வி கேட்காத எண்ணெய் ஆசியாவுக்கும் என்று சந்தை இரண்டாகப் பிரிந்தால், மொத்தத்தில் காட்டுக்கு லாபம் எதுவும் இல்லை.

எனவேதான் உலகின் மிகப் பெரிய இறக்குமதியாளரான இந்தியாவின் கையில் ஐரோப்பாவைவிடப் பெரிய துருப்புச் சீட்டு இருக்கிறது.

25 ரூபாய் பாக்கெட்டை நம்பியிருக்கும் குடும்பத்திடம் போய் ‘காட்டுக்காகக் கூடக் கொடுங்கள்’ என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் குடும்பத்துக்காக மொத்தமாக வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். டெண்டர் விட்டுத்தான் வாங்குகிறது. ‘இந்த எண்ணெய் எந்த ஆலையிலிருந்து வந்தது?’ என்ற ஒரு வரி டெண்டர் நிபந்தனையில் இருந்தால், சப்ளை செய்பவர் அதற்குப் பதில் தேடியே ஆக வேண்டும். முதல் வருடமே முழுவதும் சான்றிதழ் எண்ணெய் வேண்டும் என்றில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். விலை வித்தியாசத்தை அரசு மானியத்தில் எடுத்துக்கொள்ள முடியுமா என்பது சட்டமன்றத்தில் பேச வேண்டிய விஷயம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

* பிஸ்கட், சாக்லேட், சோப் வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். பாமாயில் இருந்தால், பனையோலை வடிவ ஆர்.எஸ்.பி.ஓ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

* ‘மிக்ஸ்டு’ என்று இருந்தால் ஒதுக்க வேண்டாம். அது மூன்றாவது வகைப் பால் கணக்கு. முத்திரையே இல்லாததைவிட நல்லது.

* பாக்கெட்டில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கோ, மெயிலுக்கோ ஒரே கேள்வி அனுப்புங்கள்: ‘இதில் உள்ள பாமாயில் எந்த ஆலையிலிருந்து வருகிறது?’ பெரிய கம்பெனிகள் பலவும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக ஆலைப் பட்டியலை ஏற்கெனவே இணையத்தில் போட்டிருக்கின்றன. இந்திய வாடிக்கையாளருக்கும் பதில் சொல்ல அவர்களால் முடியும்.

* எண்ணெய்ச் செலவையே குறைப்பதும் ஒரு வழி. வாரத்தில் ஒரு நாள் பொரித்த பலகாரத்தைக் குறைத்தாலும் குடும்ப பட்ஜெட்டுக்கும் உடம்புக்கும் நல்லது.

போர்னியோவின் வடக்குப் பகுதியான மலேசியாவின் சபா மாநிலம், தன் மாநிலத்து எண்ணெய் முழுவதையும் 2025-க்குள் சான்றிதழ் எண்ணெயாக்குவோம் என்று 2015-ல் இலக்கு வைத்தது. தோட்டம் தோட்டமாகப் பார்க்காமல், ஒரு மாநிலத்தையே மொத்தமாகச் சுத்தமாக்கும் முயற்சி அது. இலக்கு வைத்தபோது அங்குள்ளவர்கள் எதிர்பார்த்த முக்கியமான விஷயம், இப்படி விளைவித்த எண்ணெயைக் கேட்டு வாங்க ஆள் வருவார்கள் என்பது. அந்த ஆளாக இந்தியா இருக்க முடியும். ஒரு லிட்டர் பாக்கெட்டுகளாகவே ஆண்டு முழுவதும் வாங்கும் தமிழ்நாடும் இருக்க முடியும்.